கிரேட் மேடையில் வாசித்த செய்தி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உலகச் செய்தி எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும். காலையில் எல்லாரும் வரிசையாக நின்று வாழ்த்துப் பாடி, குறள் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை முன்னால் வந்து செய்தி வாசிக்க வேண்டும். மற்ற பள்ளிகளில் செய்தித்தாளில் இருப்பதை வாசித்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிடுவார்களாம். எங்கள் தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், அதற்கு ஒப்பமாட்டார். முதலில் நம் பள்ளிச் செய்தி, பிறகுதான் டெல்லி, சென்னை, கிரிக்கெட் எல்லாம். 'இரண்டாம் வகுப்பில் நேற்று எல்லாரும் நகம் வெட்டி வந்தார்கள்' என்று ஒருவன் கணீரென்று சொல்லி முடிக்கும்வரை அமெரிக்க அதிபர் காத்திருந்துதான் ஆகவேண்டும்.

வருடக் கடைசியில், ஆண்டு விழா அன்று, இந்தப் பள்ளிச் செய்திகளில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து ஆண்டுச் செய்தி என்று வாசிப்போம். மற்ற ஊர்களில் தலைமையாசிரியர் ஆண்டறிக்கை படிப்பார், கூட்டம் கொட்டாவி விடும். எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளை ஒன்று அதை வாசிக்கும். அந்த வருடம் அது நான்தான். இதில் போட்டி ஒன்றும் பலமாக இல்லை, ஐந்தாம் வகுப்பில் ஒரு பெஞ்சுக்குத்தான் ஆள் இருந்தோம். ஆனாலும் என் தொண்டை ஊரறிந்த தொண்டை. தோட்டத்தில் இருக்கும் மாமாவைச் சாப்பிட வரச்சொல்லி எங்கள் வாசலில் நின்றே கூப்பிடுவேன், அவரோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் சேர்த்து நிமிர்ந்து பார்க்க வைத்துவிடுவேன்.

பெரிய டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன், ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன், எங்கள் எருமையிடம்கூடச் சொன்னதாக அம்மா இன்றைக்கும் கேலி செய்வாள்.

ஆனால் அந்த வருடத்து விழா வெறும் விழாவாக இல்லை. ஊர் முக்குவரைக்கும் ஒரு மஞ்சள் வேன் வரத் தொடங்கியிருந்தது. டை கட்டி, ஷூ போட்ட பிள்ளைகள் அதில் ஏறி இங்கிலீஷ் படிக்கப் போனார்கள். எங்கள் பள்ளியோ இரண்டு அறை, இரண்டு டீச்சர். பள்ளிக் குழுக் கூட்டத்தில் பெரிய டீச்சர் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் போதிய பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். சின்னஞ்சிறுசுகள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சாலையைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் ஊரில் அந்த வருடம் ஐந்து வயதுப் பிள்ளைகள் அதிகம் இல்லை. மேட்டுக்கொட்டாயில் இருந்தார்கள். அது ஊருக்கு மேற்கே, தோட்டங்களுக்கு நடுவில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களின் குடியிருப்பு. அவர்கள் வேன் பள்ளியா, நம் பள்ளியா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஆண்டு விழாவுக்கு வரவைத்துவிட வேண்டும், வந்தவர்கள் நம் பிள்ளைகளைப் பார்த்து அசந்து போக வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

அதுவரை விழா பள்ளி வராண்டாவில்தான் நடக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள்தான் விழா. இந்தமுறை ஒரு மேடை வேண்டும் என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பந்தல்காரர் கேட்ட வாடகை பள்ளியின் சக்திக்கு மீறியது. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மாமா எழுந்து நின்றார்.

"மேடை எம் பொறுப்புங்க டீச்சர்."

மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் அவரும் அவர் மனைவியான அத்தையும் இருந்தார்கள். அவர் ஒன்றைப் பொறுப்பேற்றுக்கொண்டார் என்றால் எங்கள் இரண்டு வீட்டிலும் மாற்று ஏற்பாடு தேடத் தொடங்கிவிடுவோம். ஓர் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரையும் டிராக்டரில் ஒகேனக்கல் அழைத்துப் போகிறேன் என்று சொல்லி, நாங்கள் விடிவதற்குள் புளிச்சோறு கட்டிக்கொண்டு தயாராக இருந்தால், அந்த டிராக்டர் யாருடைய நிலத்திலோ உழுதுகொண்டிருந்தது. புளிச்சோற்றை வாசலிலேயே உட்கார்ந்து தின்றோம். வார்த்தையை அள்ளி வீசுவதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட காலம் அது.

"ஏன்டா, வாய் இருக்கற அளவுக்குக் கையில எதாச்சும் இருக்குதா உனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்குதுக்கா. ஊரு பூரா சும்மாதான கெடக்குது" என்றார் மாமா.

அவர் சொன்னது தக்காளிக் கிரேட்டுகளை. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டிகளைத்தான் எங்கள் பக்கம் கிரேட் என்போம். அந்தப் பங்குனியில் தக்காளி விலை அதலபாதாளத்தில் கிடந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஊரே பறிப்பதை நிறுத்தியிருந்தது. செடியில் பழம் சிவந்து தொங்க, கிரேட்டுகள் வீட்டுக்கு வீடு கவிழ்ந்து கிடந்தன. கோழிகள் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றை எல்லாம் வாங்கி வந்து கவிழ்த்து அடுக்கி, மேலே கொத்தனாரிடம் இரவல் கேட்ட சென்ட்ரிங் பலகைகளைப் போட்டு, அதன்மேல் ஜமுக்காளம் விரித்தால் மேடை. கேட்டபோது சிரித்தவர்கள்கூட, விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். மாமா அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். ஒரு பலகைகூட ஆடவில்லை.

அதில் அவர் செய்த தப்பு ஒன்றுதான், அழகு பார்த்தது. கிரேட்டில் அவரவர் வீட்டு எழுத்தைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த வீட்டுக் கிரேட்டைத் தெரியாமல் எடுத்துவிட்டால்கூட எங்கள் ஊரில் வரப்பை நகர்த்திய மாதிரி சண்டை வரும். மாமா வீட்டு வாரியாக அடுக்காமல் நிறவாரியாக அடுக்கிவிட்டார். ஓரமெல்லாம் சிவப்பு, அதற்குள் பச்சை, நடுவில் நீலம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாருடையது எங்கே இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. விழா முடிந்த பிறகு சாவகாசமாகப் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். விலைதான் இல்லையே, யார் அவசரப்படப் போகிறார்கள்?

விழா அன்று மத்தியானம் பாலக்கோட்டிலிருந்து போன் வந்தது. ஒரு போன் அல்ல, வீட்டுக்கு வீடு வந்தது. கேரளா லாரிகள் வந்து நிற்கின்றன, சரக்கு இல்லை, விடிகாலை ஏலத்துக்கு எது வந்தாலும் நல்ல விலை என்றார்கள். அரைமணி நேரத்தில் ஊர் மாறிப்போனது. புதுச்சேலை கட்டி விழாவுக்குக் கிளம்பியிருந்த பெண்கள் அதை அவிழ்த்து வைத்துவிட்டுப் பழைய சேலைக்குமேல் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள். எங்கள் அத்தையும் ஓடினாள். அவள் என் தலையில் பாதிதான் பின்னியிருந்தாள், மீதியை அம்மா பின்னினாள். எல்லாரும் மடிமடியாகப் பறித்து வரப்பில் கொட்டிய பிறகுதான் ஊருக்கு உறைத்தது. நிரப்புவதற்குக் கிரேட் இல்லை. எல்லாக் கிரேட்டும் பள்ளிக்கூடத்தில் மேடையாக நிற்கிறது.

மூன்று மணிக்கு விழா தொடங்கியது. மேட்டுக்கொட்டாயிலிருந்து நிஜமாகவே வந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆண்கள். வராதவர்களுக்கும் கேட்கட்டும் என்று மாமா ஒரு குழாய் ஒலிபெருக்கியைத் தண்ணீர்த்தொட்டிமேல் ஏறி மேற்கே பார்த்துக் கட்டியிருந்தார். இறைவணக்கம் முடிந்து, பஞ்சாயத்துத் தலைவர் இரண்டு வார்த்தை பேசி உட்கார்ந்தார். அப்போது எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையோரமாக வந்து மாமாவைத் தொட்டார்.

"தப்பா நெனைக்காத மாப்ள. பழம் வரப்புல கொட்டிக் கெடக்குது. எங் கிரேட்ட மட்டும் உருவிக்கறேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசலில் சைக்கிளும் மொபெட்டுமாக ஒரு கூட்டம். மாமா முகத்தில் ஈயாடவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி அவர் வீட்டு எழுத்தைத் தேடினார், சிவப்பு நிறம்தான் தெரிந்தது. என் செய்தி கடைசி நிகழ்ச்சி. அதுவரை மேடை இருக்குமா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை.

பெரிய டீச்சர் விஷயத்தைக் கேட்டார். பிறகு மைக்கைக் கையில் எடுத்து, காலை வழிபாட்டில் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"கிரேட் எடுக்க வந்தவங்க கவனிங்க. இன்னிக்கு எத்தனைன்னு மட்டும் பாருங்க, எழுத்த நாளைக்குப் பாத்துக்கலாம். ஓரத்துல இருந்து ஒவ்வொருத்தரா எடுங்க. ஓடாதீங்க. பிள்ளைங்க ஆடணும்."

அவரிடம் படித்தவர்கள்தான் பாதிப்பேர். வரிசையில் நின்றார்கள். எழுத்து மாறினால் ஊரைக் கூட்டும் ஆட்கள் அன்றைக்கு யார் வீட்டுக் கிரேட்டையோ எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் போனார்கள். எங்கள் ஊரைப் பற்றி யாராவது குறைவாகப் பேசினால் நான் இந்த வரிசையைத்தான் நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் அவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் தேவைப்படாது.

டீச்சர் நிகழ்ச்சி வரிசையையும் அங்கேயே மாற்றினார். ஆள் அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால். முழுப்பள்ளியும் ஆடும் கோலாட்டம் முழு மேடையில் நடந்தது. அது முடிந்ததும் இரண்டு ஓரத்துச் சிவப்பு போனது. மூன்றாம் வகுப்புக் கும்மி அதில் பாதி இடத்தில் நடந்தது, வட்டம் கொஞ்சம் நசுங்கிய வட்டம். அடுத்து பச்சையில் பாதி போனது. மாறுவேடப் போட்டியில் பாரதமாதாவும் கட்டபொம்மனும் போலீஸ்காரரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் மாமாவும் கொத்தனாரும் பலகையைத் தூக்க, ஆட்கள் வந்து கிரேட்டை உருவ, மீண்டும் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டார்கள். நாங்கள் பதறிக்கொண்டிருந்தோம். மேட்டுக்கொட்டாய்க்காரர்களோ இதையும் ஒரு நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள். மேடை ஒரு முழம் சிறுக்கும்போதெல்லாம் பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டினார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து பலகைக்குக் கைகொடுக்கவும் செய்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எப்போது முன்னால் வந்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது நடுவில் நீலக் கிரேட்டுகள் கொஞ்சம் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றவர்கள் பங்கெல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது மாமாவின் பங்கு. ஒரு பிள்ளை நிற்கவும் ஒரு மைக் நிற்கவும் போதுமான இடம்.

அப்போது எங்கள் தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க வந்து மாமாவிடம் சொன்னாள், "அண்ணா, அண்ணி கிரேட் கேக்குது. பறிச்சு வரப்புல குமிச்சு வெச்சிருக்குது. கடைசி வண்டி கெளம்பப் போவுதாம்."

"இந்தா வந்துட்டேன்னு சொல்லும்மா" என்றார் மாமா.

பெரிய டீச்சர் அதைக் கேட்டுவிட்டார். "நீங்க எடுத்துட்டுப் போங்க. பாப்பா கீழ நின்னே வாசிக்கட்டும். குரல் இருக்குது, போதும்."

நான் பக்கத்திலேயே, பாதி அத்தையும் பாதி அம்மாவும் பின்னிய சடையோடு நின்றிருந்தேன். மாமா ஒப்புக்கொண்டுவிடக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். மேட்டுக்கொட்டாய்ப் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள், இடுப்புக் குழந்தைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கீழ நின்னா கொரலுதாங்க டீச்சர் தெரியும், புள்ள தெரியாது. அவங்க புள்ளையப் பாக்கணும். இந்த எடத்துல படிச்ச புள்ள எப்படி நிக்குதுன்னு பாக்கணும். நீங்க ஆரம்பிங்க" என்றார்.

இந்தப் பேச்சின் கனம் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. பல வருடம் கழித்து, என் கல்லூரிக் காலத்தில், ஏதோ பேச்சுவாக்கில் அத்தைதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊர் முழுக்கப் பறிக்காமல் விட்டிருந்ததால் எல்லார் செடியிலும் பழம் ஒன்றாக முற்றியிருந்தது. அன்றைய வண்டியில் போவதற்குத்தான் விலை. மறுநாள் சுற்றுப்பட்ட ஊர்ப் பழமெல்லாம் மார்க்கெட்டில் வந்து குவியும், விலை மறுபடி தரைக்குப் போகும். இது மாமாவுக்குத் தெரியாததல்ல, தக்காளி போடுகிற யாருக்கும் தெரியும். நன்றாகக் கனிந்த பழத்தைக் கோணியில் கட்டியும் அனுப்ப முடியாது, போய்ச் சேரும்போது ரசமாக இருக்கும். அந்த வருடம் முழுக்க அந்தத் தோட்டத்தில் கையில் காசு கிடைக்க இருந்த ஒரே நாள் அது. அதைத் தெரிந்துகொண்டேதான் அவர் என்னைத் தூக்கி அந்த நீலக் கிரேட்டுகளின்மேல் நிறுத்தினார்.

மேலே நின்றதும் எனக்கு எல்லாம் தெரிந்தது. எல்லாத் தலைகளுக்கும் மேலே நான் இருந்தேன். பள்ளி வாசல் தெரிந்தது, தார்ச்சாலை தெரிந்தது, மேற்கே தோட்டங்கள் தெரிந்தன. தொண்டையைச் செருமினேன். குழாய் ஒலிபெருக்கியும் சேர்ந்து செருமியது.

"அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டின் பள்ளிச் செய்திகள்" என்று தொடங்கினேன்.

அந்தச் செய்திகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். வட்டார அளவில் கதை சொல்லும் போட்டியில் நம் நான்காம் வகுப்பு மாணவி முதல் பரிசு பெற்றாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பேசவே பேசாத மாணவன் தீபாவளிக்குப் பிறகு பேச ஆரம்பித்தான், இப்போது நிறுத்துவதில்லை. கழிப்பறையில் இருந்து பாம்பு ஒன்று பிடிக்கப்பட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் உட்பட இரண்டாம் வகுப்பில் எல்லாரும் தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். பள்ளித் தோட்டத்துக் கீரையை ஆடு மேய்ந்துவிட்டது, மறுபடி விதைத்தோம், மறுபடி வந்தது, கீரையும் ஆடும். மாணவர்கள் யாரும் இந்த ஆண்டு படிப்பை நிறுத்தவில்லை.

பாம்புக்குச் சிரித்தார்கள். ஆட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிச் செய்திக்கு யாரும் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு என்றுதான் நான் நினைத்தேன். அது பெரிய டீச்சருக்கு, சின்ன டீச்சருக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும். ஆனாலும் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்று இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்போதுதான் சாலையில் ஹாரன் சத்தம் கேட்டது. சின்ன லோடு வண்டி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. அதன் முதுகில் சிவப்பும் பச்சையுமாகக் கிரேட்டுகள் வானத்தைத் தொடுவதுபோல் அடுக்கியிருந்தன, எல்லாவற்றிலும் தக்காளி. டிரைவர் தலையை வெளியே நீட்டி மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். மறுபடியும் ஹாரன் அடித்தார். என் குரல் அதில் மாட்டிக்கொண்டது. ஒரு வரியை இரண்டாம் முறை தொடங்கினேன்.

மாமா கூட்டத்துக்குப் பின்னால் இருந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தலைக்குமேல் தூக்கி, போ, போ என்று அந்த வண்டியைப் பார்த்து வீசினார். டிரைவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார் போலிருக்கிறது. மாமா விரலை உதட்டில் வைத்துக் காட்டி, மறுபடியும் கையை வீசினார். வண்டி நகர்ந்து பாலக்கோட்டுப் பக்கமாகத் திரும்பிப் போனது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் செய்தி வாசிக்கிறேன் என்பதற்காக என் மாமா ஒரு வண்டியையே விரட்டிவிட்டார். சத்தம் போடாதே, என் அக்கா மகள் பேசுகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு மாமா இருப்பார்? எனக்கு எங்கிருந்தோ இரண்டு மடங்கு குரல் வந்தது. மேற்கே பார்த்த ஒலிபெருக்கி மேட்டுக்கொட்டாய்வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"வரும் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் தம்பி தங்கைகளை நம் பள்ளி வரவேற்கிறது. நாங்கள் ஆறாம் வகுப்புக்குப் போகிறோம். எங்கள் இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். செய்திகள் முடிந்தன."

நான் இறங்குவதற்கு முன்பே ஒரு மேட்டுக்கொட்டாய்ப் பெண் தன் மகனை இடுப்பிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து, பெரிய டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். எங்கள் பள்ளி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது, இப்போது மூன்று அறை. போன வருடம் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சிமென்ட் மேடை கட்டியிருந்தார்கள், கைப்பிடிச் சுவரோடு. போய் நின்று பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அது கொஞ்சம் தாழ்வாக இருப்பதுபோல் தோன்றியது.

அன்று மாமா என்னை இறக்கிவிட்டுவிட்டு, மிச்சக் கிரேட்டுகளை அவசரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "கலக்கிட்ட கண்ணு" என்றார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரம் பேசுகிற ஆள். மேடை நின்ற சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் நான் வண்டிக் கதையை அம்மாவிடம் மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை தோட்டத்திலிருந்து வந்தாள். விளக்குப் போடும் நேரம். ஊரில் மற்ற பெண்கள் எல்லாம் எப்போதோ வீடு திரும்பிவிட்டார்கள். தக்காளிச் செடியின் பச்சை அவள் கை இரண்டிலும் முழங்கைவரை ஏறியிருந்தது. வாசலில் தொட்டித் தண்ணீரில் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாமா உள்ளே இருந்து வந்து, சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார்.

நான் அவர்களுக்கு நடுவே புகுந்து நின்றேன். அத்தை விழாவுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அத்த, என் நியூஸ் அங்க கேட்டுச்சா?"

அத்தை நிமிர்ந்தாள். மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஈரக்கையாலேயே என் கன்னத்தைப் பிடித்தாள்.

"கேக்காம? ஒரு எழுத்து வுடாம கேட்டுச்சு கண்ணு. வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டு வரப்புல உக்காந்துட்டேன். ஆடு கீரை தின்ன எடத்துல தனியாவே சிரிச்சுட்டு இருந்தேன் போ."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் செய்தியைக் கேட்க அத்தை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்! அதனால்தான் இவ்வளவு நேரமா என்று மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன். அந்த வரப்பில், தன் பக்கத்தில் எதைக் குவித்து வைத்துக்கொண்டு, எது வருமென்று பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.